பத்தமடைப் பாயோடு இரண்டு முறை தில்லிக் கண்காட்சிக்கு

பத்தமடையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோரைப்பாய் வணிகம் செய்துவருகிறது. கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் கண்காட்சியில் முதன்முறை ஸ்டால் எடுத்தபோது, புவிசார் குறியீடு பெற்ற பாய், பட்டுத்துணிபோல் மடிகிற பாய், பார்த்தவர்கள் விடமாட்டார்கள் என்று நம்பியே திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினேன். கண்காட்சி முடிந்தபோது என் பையில் 83 விசிட்டிங் கார்டுகள் இருந்தன. ஊர் திரும்பிய பின் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே நடந்த ஒன்றையே சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், மணமக்களின் பெயர் நெய்த பட்டுப் பாயைக் கையில் எடுத்தார். பெயரையோ கரையையோ அவர் பார்க்கவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பி, ஓரத்தை நகத்தால் நெருடி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கண்டெய்னருக்குள் ஈரம் கோத்தால் கோரையில் பூஞ்சணம் படரும்; அந்த வாடையைத்தான் அவர் தேடினார். பிறகு, "மாதம் எத்தனை தருவீர்கள்? எல்லாம் இதே நிறத்தில் இருக்குமா?" என்று கேட்டார். எவ்வளவு கேட்டாலும் தருவோம் என்றேன். அவர் பாயை மடித்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னதும், நாற்பது வருடம் தறியில் இருந்த என் பெரியம்மா, "தறிக்கு ஒரு நாளைக்கு எத்தனைன்னு கணக்குப் போடாம, எதை வச்சுல வாக்குக் குடுத்த?" என்று கேட்டார். அடுத்த கண்காட்சிக்கான வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. எங்களுக்கு நெய்துதரும் பதினொரு வீடுகளுக்கும் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். பட்டுப் பாய் ஒன்றை ஒருவர் முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் சிறு பாய்களுக்குத் தறிவாரியாகக் கணக்கெடுத்தேன். சாயம் ஏற்றிய கோரைத் துண்டுகளை எண் போட்டு அட்டையில் கட்டினேன். விலையைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான செலவோடு டாலரில் எழுதிக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் மழை. இலையுதிர்காலக் கண்காட்சி அக்டோபரில் வருகிறது. அங்கே பேசி முடித்த சரக்கை நெய்ய வேண்டிய நாள்களோ ஐப்பசி, கார்த்திகை. அப்போது தாமிரபரணிக் கரையில் வெயிலே இருக்காது, கோரை காயாது, சாயம் ஒட்டாது. எனவே ஆவணிக்குள் கோரையைக் காயவைத்துச் சாயமேற்றி இருப்பு வைத்துவிட்டே இரண்டாம் முறை கிளம்பினேன்.

இந்த முறை, கூட்டம் சேருமுன் முதல் நாள் காலையில் மேற்கு வங்கத்து மேதினிப்பூர்ப் பாய்க்காரர்களின் ஸ்டாலுக்குப் போய், அவர்கள் பாயை எப்படிச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று நின்று பார்த்தேன். எந்த விளக்கக் கையேட்டையும்விட அது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வந்த ஒவ்வொருவரின் கார்டையும் நோட்டின் இடப்பக்கத்தில் பின் அடித்து, அவர் எதைத் தொட்டார், எந்த நிற எண்ணைக் கேட்டார், எந்த மாதத்துக்குள் வேண்டும் என்றார் என்பதை அவர் அகன்றதும் வலப்பக்கத்தில் எழுதினேன். இரவு அறைக்குத் திரும்பியதும் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நாள் கழித்து எழுதினால் அவர்களுக்கு நம் முகம் நினைவிருக்காது.

மாதம் எத்தனை என்று கேட்டவர்களிடம் 400 என்றேன். அது குறைவு என்று பலர் போய்விட்டார்கள். இருவர் மட்டும் சாம்பிள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் 600 சிறு பாய்களுக்கு ஆர்டர் கொடுத்தார். தை மாதம், ஒவ்வொரு பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டுத் தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்பினோம். பெட்டிகளை ஒட்டுமுன் பெரியம்மா வந்து, நாலைந்து பாயை உருவி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.