பேக் வேண்டாம், நான்கு சேனல் போதும்: எல்லையோரத்தில் ஒரு டிடிஎச் போராட்டம்

சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டுக்குப் பணம் கட்டி டிவி பார்ப்பது கட்டுப்படியாகுமா? கம்பெனி பல சேனலைச் சேர்த்துக் கட்டித் தரும் பேக் போட்டால் ஆகாது, வேண்டிய சேனலை மட்டும் எடுத்தால் ஆகும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். செய்து முடிப்பதற்குள் எனக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. எல்லையோரத்தில் இருக்கும் மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பொள்ளாச்சியில் வாடகைக்கு இருந்தோம். மாமாவுக்கு முட்டிவலி அதிகமானதும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். பாலக்காடு பஸ்ஸில் ஏறினால் கோபாலபுரம் தாண்டியதும் கேரளா. இங்கேயும் பேச்சு தமிழ்தான், பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியம் பள்ளி இருக்கிறது, கணவர் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். எங்களுக்கு எதுவும் பெரிதாக மாறவில்லை. ஆனால் டிடிஎச் கம்பெனிக்கு 642 என்று தொடங்கிய பின்கோடு 678 ஆனது பெரிய விஷயமாகிவிட்டது.

பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்கா, "எங்களை மாதிரி அரசு கேபிள் போட்டுக்கோ" என்றாள். அது தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான், கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் வராது. இங்குள்ள கேபிள்காரரைக் கேட்டோம். தோப்புக்குள் ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, இழுத்தடிக்கவாவது இல்லையே. டிடி ஃப்ரீ டிஷ்ஷையும் யோசித்தோம். டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கிவிட்டால் மாதக் கட்டணமே கிடையாது. ஆனால் அதில் பெரும்பாலும் இந்தி சேனல்கள். டிடி தமிழ் வரும், அத்தையின் சீரியல் வராது. கையில் ஏற்கெனவே டிஷ்ஷும் பாக்ஸும் இருக்கிறதே என்று பழைய இணைப்பையே மாற்றிக்கொள்ள முடிவு செய்தோம்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கால் சென்டரில், "இது தமிழ்நாட்டு இணைப்பு மேடம், கேரளா டீம்தான் வரணும்" என்றார்கள். சித்தூரில் இருக்கும் டீலர், "இது தமிழ்நாட்டு ஐடி சேச்சி, எங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகாது, பொள்ளாச்சியில போய் மாத்திட்டு வாங்க" என்றார். பொள்ளாச்சி டீலரோ, வாடிக்கையாளர் இருக்கும் இடத்து டீலர்தான் செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். பஸ் செலவும் பாதி நாளும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் முகவரிச் சான்று கேட்டார்கள். என் ஆதாரில் பொள்ளாச்சி முகவரி. கரண்ட் பில்லைக் காட்டலாம் என்றால், கேஎஸ்இபி பில் இன்னும் மாமாவின் அப்பா பெயரில் வருகிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. ரேஷன் கார்டில் நாங்கள் இன்னும் சேரவில்லை. இதற்கு வழி சொன்னது டீலரும் இல்லை, கால் சென்டரும் இல்லை. டீலர் கடையில் கணக்கு எழுதும் பெண், "உங்க மாமா ஆதார் இங்க அட்ரஸ்லதானே இருக்கு? இணைப்பையே அவர் பேருக்கு மாத்திருங்க அக்கா" என்றாள். அப்படியே செய்தோம், அன்று மாலையே முகவரி மாறிவிட்டது. வீடு மாறும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்: முகவரியை மட்டும் மாற்ற அலையாதீர்கள். அந்த வீட்டு முகவரியில் ஆதார் இருக்கும் ஒருவர் பெயருக்கு இணைப்பை மாற்றிவிடுங்கள்.

டிஷ் மாட்ட வந்தவர் போனில் சொன்ன தொகையைவிட அதிகம் கேட்டார். ரசீது தந்தால் தருகிறேன் என்றேன். கூடுதலாகக் கேட்டது அதோடு நின்றுவிட்டது. ஆனால் அவர் டிஷ்ஷை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பழைய குழாயில் கட்டிவிட்டுப் போனார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை கொஞ்சமாகத்தான் வரும், காற்று மட்டும் தென்னை மட்டையைப் பிய்த்து எறியும். டிஷ் துளி திரும்பினாலும் சிக்னல் போய்விடும். ஆடி பிறந்ததும் திரையில் 'நோ சிக்னல்'. மறுபடி ஆளைக் கூப்பிட்டால் அதற்குத் தனியாக விசிட்டிங் சார்ஜ். இரண்டாவது முறை சுவரில் ஓட்டை போட்டு, கிளாம்ப் வைத்து, போல்ட் முறுக்கும்வரை நான் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு அசையவில்லை.

அப்புறம்தான் பெரிய அடி. முகவரி மாறிய அடுத்த ரீசார்ஜில் எங்கள் தமிழ் பேக்கைக் காணோம், அதற்குப் பதில் கேரளா பேக் வந்திருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. அத்தை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, என் சேனலெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ் சேனல்களை ஆட்-ஆனாகச் சேர்க்கலாம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லும் முன்பே சேர்த்தும் விட்டார்கள். முன்பு 310 ரூபாயில் முடிந்த மாதம் 420 ஆனது. இரண்டு மொழிக்கும் பணம், பார்ப்பது ஒரு மொழி. எல்லையில் குடியிருப்பதற்கு ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

அன்று இரவு நால்வரும் உட்கார்ந்து, யார் எதைப் பார்க்கிறோம் என்று ஒரு தாளில் எழுதினோம். இதை எல்லா வீட்டிலும் செய்து பாருங்கள். அத்தைக்கு சீரியல் சேனல் இரண்டு. மாமாவுக்குப் பழைய படம் போடும் சேனல் ஒன்று. பிள்ளைகளுக்கு ஒன்று. மாமா நாள் முழுக்கப் பார்க்கும் செய்தி சேனல்களான புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் எல்லாம் இலவச சேனல்கள். பிள்ளைகளுக்குப் பாடம் வரும் கேரள அரசின் கைட் விக்டர்ஸும் இலவசம். கொரோனா நேரத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்பைத் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கும் நடத்தினார்கள், அதனால் மாமாவுக்கு அந்தச் சேனல் மேல் தனி மரியாதை. ஆக, நாங்கள் உண்மையில் காசு கொடுக்க வேண்டியது நான்கு சேனலுக்கு.

சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதி அது. காசு கட்டிப் பார்க்கும் பே சேனல் ஒவ்வொன்றுக்கும் மாத விலையை வெளியிட வேண்டும், பேக்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சேனல் விலை போக, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று உண்டு. எங்கள் கம்பெனி அதற்கு 130 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்குகிறது, மொத்தம் 153 ரூபாய் 40 காசு. 130 என்பது முன்பு உச்சவரம்பாக இருந்தது, 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துவிட்டது. அதனால் உங்கள் கம்பெனி எவ்வளவு வாங்குகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் 19 ரூபாய் சேனல் மூன்று, 6 ரூபாய் சேனல் ஒன்று, மொத்தம் 63 ரூபாய். வரியோடு 74 ரூபாய் 34 காசு. எல்லாம் சேர்த்து 228 ரூபாய்க்குள் முடிகிறது.

கணக்குப் போட்டுவிட்டேன், ஆனால் கால் சென்டரில் அதை ஏற்க வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. "அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல மேடம்" என்றார் ஒருவர். "பேக்கை எடுத்தா மறுபடி இந்த ஆஃபர் கிடைக்காது" என்று பயமுறுத்தினார் இன்னொருவர். மூன்றாவதாகப் பேசியவர் இதைவிட மலிவான பேக் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். நான் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "பேக் வேண்டாம், தனித்தனி சேனல் போடுங்க, இல்லைன்னா முடியாதுன்னு எழுதிக் கொடுங்க, டாக்கெட் நம்பர் சொல்லுங்க." டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், இல்லாமல் போனை வைக்கவே வைக்காதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் நீங்கள் பேசியதற்குச் சாட்சியே கிடையாது.

அதை வைத்துக்கொண்டு, கால் சென்டருக்கு மேலே புகார்களைக் கவனிக்கும் கம்பெனியின் கேரள நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவரது முகவரி கம்பெனியின் இணையதளத்திலேயே அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். டிராய்க்கே எழுதலாமா என்று கணவர் கேட்டார். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, விதி போடுவதுதான் அவர்கள் வேலை. கம்பெனி அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பேன் என்றும் மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். அழைக்க வேண்டி வரவில்லை. நோடல் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்து, நான் சொன்ன நான்கு சேனலையும் கேட்டுப் பதிந்தார். கேட்காமல் போட்ட ஆட்-ஆனுக்குப் பிடித்த பணமும் கணக்கில் திரும்ப ஏறியது. பணம் ஏறியதாக வந்த குறுஞ்செய்தியை மாமாவிடம் காட்டியபோது, "விடாம பிடிச்சுட்டியே சாமி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே பட்ட அலைச்சல் தகும்.

இன்னும் சில விஷயங்கள். பழைய டிவி வைத்திருப்பவர்கள் எச்டி சேனல் எடுக்காதீர்கள். விலை அதிகம். கிரிக்கெட் சேனலை ஐபிஎல் நேரத்தில் மட்டும் சேர்த்துவிட்டு எடுத்துவிடலாம், ஆனால் சேர்த்தால் ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள், அதனால் தேதி பார்த்துச் சேருங்கள். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். வீடு மாறும் வாய்ப்பு இருந்தால் தொடாதீர்கள். எங்கள் பேக் மாறியபோது வருடப் பணம் உள்ளே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பெரிய லீவில் ஊருக்குப் போகிறவர்கள் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி முன்கூட்டியே கேட்கலாம், அதற்கும் விதியில் இடம் இருக்கிறது.

போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. தோப்புக்குள் டவர் சரியாக எடுப்பதில்லை, அத்தைக்கும் மாமாவுக்கும் அந்தச் சின்னத் திரை கண்ணுக்குப் பிடிபடாது. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் இரண்டு பெரியவர்களுக்கு மாதம் 228 ரூபாய் நியாயமான செலவு. 420 நியாயமில்லை. அந்த வித்தியாசம் இப்போது மாமாவின் மாத்திரைக்குப் போகிறது.

போன வாரம் ஒழலப்பதியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். அவள் வீட்டிலும் இதே மாதிரி இரண்டு மொழி பேக், 400 ரூபாய்க்கு மேல். தாளில் எழுத வைத்தேன், மூன்று சேனலில் முடிந்தது. கால் சென்டருக்கு அவளே பேசினாள். டாக்கெட் நம்பர் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.