வேண்டாத மேய்ப்பரும் ஒரு தட்டும்: பழைய ஆங்கிலத்தோடு மூன்று மாதம்

பழைய ஆங்கிலச் சொற்களை நோட்டில் சேர்க்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் வீண். நாளுக்கு ஒன்றாக, வாயில் நுழையாததாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். குளிர்கால வெயிலின் இதத்துக்கு ‘அப்ரிசிட்டி’ என்று ஹென்றி காக்கரம் 1623இல் தன் அகராதியில் ஒரு சொல் போட்டிருக்கிறார். நாளை மறுநாளுக்கு ‘ஓவர்மாரோ’ என்று ஒன்று இருந்திருக்கிறது. இப்படி முப்பது. மாதக் கடைசியில் நோட்டை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால் ஐந்துதான் வந்தது. எங்கேயும் படிக்கப்போவதில்லை, யாரிடமும் பேசப்போவதில்லை. பிறகு எப்படி ஒட்டும்?

வழி மாறியது ஒரு பழைய நினைப்பால். நான் படித்த மிஷன் பள்ளியில் காலையில் 23ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்தில் ஒப்பிப்போம். “தி லார்ட் இஸ் மை ஷெப்பர்ட், ஐ ஷால் நாட் வாண்ட்.” கர்த்தர் என் மேய்ப்பர், எனக்கு அவர் வேண்டாம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். வேண்டாதவரை ஏன் தினமும் கூப்பிடுகிறோம் என்று டீச்சரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ‘வாண்ட்’ அன்றைக்குக் குறைவுபடுவதைக் குறித்த சொல். தமிழ் வேதாகமத்தில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று பளிச்சென்று இருக்கிறது.

ஆக, தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை, அகராதியைத் தேடவைத்துவிடும். தெரிந்த முகத்தோடு வருகிற சொல்தான் கவிழ்க்கிறது. அதனால் இரண்டாம் மாதத்திலிருந்து 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் ஆங்கில பைபிளையும் பழைய தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குப் புரிந்ததும் தமிழில் இருப்பதும் முட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் குறிக்கிறேன். அந்த ஆங்கிலம் 1611க்கே கொஞ்சம் பழசு. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி 1526இல் அச்சான டின்டேலின் மொழிபெயர்ப்பை ஒட்டிப் போகிறது.

முதலில் சிக்கியது ‘மீட்’. லேவியராகமத்தில் ‘மீட் ஆஃபரிங்’ வந்ததும் ஆட்டுக்கறிப் படையல் என்று எழுதிவிட்டு, எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தன் பைபிளைப் புரட்டி, “தம்பி, இதுல கறி எங்கப்பா இருக்கு? மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்தானே இருக்கு” என்றார். தமிழில் அது போஜனபலி. ‘மீட்’ என்றால் அந்தக் காலத்தில் எந்தச் சாப்பாடும்தான். மிட்டாய் வகைகளை இன்னமும் ‘ஸ்வீட்மீட்’ என்கிறார்களே, அதில் இருப்பதும் அந்த மீட்தான்.

என்னை அதிகம் படுத்தியது ‘லெட்’. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ‘ஹீ ஹூ நவ் லெட்டத் வில் லெட்’ என்று வருகிறது. விடுகிறவன் விடுவான் என்று எடுத்துக்கொண்டால் பொருள் ஓடவில்லை. தமிழில் பார்த்தால் ‘தடைசெய்கிறவன்’ என்று இருக்கிறது, நேர் எதிர்! இரண்டு நாள் தோண்டிய பிறகுதான் புரிந்தது. பழைய ஆங்கிலத்தில் இருந்தவை இரண்டு வேறு வினைகள். ‘லேட்டன்’ விடுவது, ‘லெட்டன்’ தடுப்பது. தாமதத்தைச் சொல்லும் ‘லேட்’ இந்த இரண்டாவதன் உறவு. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. ஒரே வாயால் விடு என்றும் தடு என்றும் சொன்னால் பிழைப்பு நடக்குமா? ஒன்று ஒதுங்கிவிட்டது. முழுசாகச் சாகவும் இல்லை. நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்ற வாசகத்தில் உட்கார்ந்திருக்கிறது. என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

‘பிரிவென்ட்’ இவ்வளவு படுத்தவில்லை. லத்தீனில் முன்னால் வருவது, தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’. முந்திப் போய் நின்றவன் வழியை மறிப்பான், அப்படித்தான் இன்றைய பொருள். ‘சஃபர்’ என்றால் இடங்கொடு. ‘கான்வர்சேஷன்’ பேச்சு அல்ல, வாழும் முறை.

சிரிப்பு வந்தது மாற்கு ஆறாம் அதிகாரத்தில். ஏரோது ராஜாவிடம் ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானனின் தலையை ‘பை அண்ட் பை’, ‘இன் எ சார்ஜர்’ கேட்கிறாள். மெதுவாக, சார்ஜரில்! சார்ஜர் என்றால் பெரிய தட்டு, தமிழில் தாலம். பெரிய ஹோட்டல் விருந்துகளில் அடியில் வைக்கிற தட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். ‘பை அண்ட் பை’ மெதுவாக இல்லை, ‘இப்பொழுதே’. ‘சூன்’, ‘பிரசன்ட்லி’, ‘அனன்’ எல்லாமே ஒரு காலத்தில் ‘உடனே’யாக இருந்து ‘அப்புறம்’ என்று சரிந்தவைதான். எங்கள் வீட்டு ‘இதோ வந்துட்டேன்’ எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நம் பக்கமும் இது உண்டு. தொல்காப்பியத்தின் ‘கிழவனும் கிழத்தியும்’ களவில் சந்திக்கும் இளசுகள். கிழமை என்றால் அங்கே உரிமை. பிளஸ் டூவில் நான் வயசான ஜோடி என்று நினைத்து உருகியிருக்கிறேன்.

இப்போது நோட்டில் 43 சொற்கள். நேற்று என்னைச் சோதித்தபோது 38 நினைவில் நின்றன, வசனத்தோடு. அடுத்தது எரேமியா 24. ஒரு கூடையில் ‘நாட்டி ஃபிக்ஸ்’ இருக்கிறதாம். டீச்சரக்காவிடம் சொன்னேன். “அத்திப்பழம் என்னப்பா குறும்பு பண்ணும்?” என்று கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.