சுரபுன்னைக்கு என்ன விலை?

"பொருளாதாரம் படித்துவிட்டுக் காட்டில் என்னடா வேலை?" என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். காட்டுக்கு விலை போடுகிறேன் என்றால் சண்டைக்கு வருவார்.

இன்று பிச்சாவரத்தில், கடலோரச் சேற்றில் வளரும் சுரபுன்னைக் காட்டில், கேள்வித்தாளோடு நின்றேன். "இந்தக் காட்டைக் காப்பாற்ற மாதம் எவ்வளவு தருவீர்கள்?" இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் அம்மா ஒருவர், பல்லில் கடித்திருந்த, இறால் போடும் பறிக்கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சுனாமி அன்றைக்கு இந்தக் காடு தடுத்து நின்றதே, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் தம்பி?" மறுபடி பறியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

தொகைக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். காட்டுக்கு மதிப்பில்லை என்பதால் அல்ல, கேள்வியையே ஏற்காததால் வரும் இதற்கு 'எதிர்ப்புப் பூஜ்யம்' என்று பெயர். பெரும்பாலும் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். நான் கேட்டதிலேயே உருப்படியான பதில் அதுதான், அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது, 1999 ஒடிசா பெரும்புயலை வைத்துக் கேந்திரபாராவில் நடந்த ஆய்வு. கடலுக்கும் ஊருக்கும் நடுவே இதே மாதிரி அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவு. அங்கே யாரிடமும் போய் விலை கேட்கவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டின் அகலத்தோடு ஒப்பிட்டார்கள்.

நாளைக்கும் இதே கேள்வித்தாள்தான். செருப்பில் ஒன்று சேற்றோடு போய்விட்டது.