மூன்று கத்தியும் ஒரு சாணைக்கல்லும்

ஜூன் 2, 2024, ஞாயிறு

தக்காளி நறுக்கும்போது கத்தி தோலின் மேல் வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. ஆழமான காயம் இல்லை. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது.

கூர் இல்லாத கத்திதானே, கையை என்ன செய்துவிடும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. வாய் மழுங்கிய கத்தி தோலுக்குள் இறங்காது, அதனால் நாம் அழுத்துகிறோம். அழுத்த அழுத்த, வழுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பது நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. கூரான கத்திக்கு அந்த அழுத்தமே வேண்டாம்.

மாலையில் வீட்டிலிருக்கும் நான்கு கத்திகளையும் எடுத்து, ஒரு தாளைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பார்த்தேன். எதுவும் வெட்டவில்லை. இரண்டு கிழித்தன, இரண்டு தாளை மடக்கிவிட்டு நழுவின. எல்லாமே இழுப்பறையில் கரண்டிகளோடு உரசிக் கிடந்தவை.

புது செட் ஒன்று வாங்க வேண்டும், பெரிய செலவு இல்லாமல். இந்த முறை வாங்குவதோடு விடாமல் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்பு.

ஜூன் 5, புதன்

மூன்று நாளாக செட்டுகளைப் பார்த்து வருகிறேன். பதினைந்து உருப்படி என்று போட்டிருந்த ஒன்றைப் பிரித்து எண்ணினேன். ஒரே மாதிரி மேசைக் கத்தி ஆறு, கத்திரிக்கோல் ஒன்று, தீட்டுக் கம்பி ஒன்று, செருகி வைக்கும் மரக்கட்டை ஒன்று. கட்டையையும் ஒரு உருப்படியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்! மீதி ஆறு கத்தி. அதிலும் இரண்டுக்கு நடுவே ஒரு விரல் அகலம்தான் நீள வித்தியாசம்.

நான் தினமும் என்ன வெட்டுகிறேன் என்று யோசித்தேன். காய்கறி, கீரை, பழம் எல்லாவற்றுக்கும் 20 செ.மீ. அலகு உள்ள ஒரு பெரிய கத்தி போதும். தோல் சீவ, காம்பு எடுக்க, கையில் வைத்துச் செய்யும் வேலைக்கு 8 முதல் 10 செ.மீ. வரை ஒரு சின்னக் கத்தி. பிரெட் மாதிரி மேலே முறுகலாகவும் உள்ளே மெத்தென்றும் இருப்பதற்கு ரம்பப் பல் வைத்த நீளக் கத்தி. இந்த மூன்றுக்கு வெளியே எனக்கு வேலையே வரவில்லை. கையில் இருக்கும் பணத்தைப் பதினைந்தாகப் பங்குபோட்டால் ஒவ்வொன்றுக்கும் மட்டமான எஃகுதான் கிடைக்கும், மூன்றாகப் பங்குபோட்டால் நல்லதே கிடைக்கும். முடிந்தால் பெரிய கத்திக்குப் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டும், தொண்ணூறு சதவீத வேலை அதில்தான்.

‘தீட்டவே வேண்டாம்’ என்று சொல்லி விற்கும் கத்திகளையும் பார்த்தேன். அவற்றின் வாயில் பொடிப் பற்கள் இருக்கின்றன. பல் தேய்ந்தபின் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. வேண்டாம்.

ஜூன் 8, சனி

இன்று முழுக்க எஃகைப் பற்றித்தான் படித்தேன்.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் அரிக்காமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசையாமல் நிற்பதைக் கவனித்து, இது சமையலறைக் கத்திக்கு ஆகும் என்று கண்டுகொண்டார். ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்த யோசனை அங்கே வந்ததில் வியப்பில்லை. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகிவிடுகிறது. துருவைத் தடுப்பது அதுதான்.

நாம் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் பாத்திரமும் கத்தியும் ஒரே எஃகு இல்லை. பாத்திரத்தில் 18/10 என்று போட்டிருந்தால் 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல். துருவுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்த முடியாது. கத்தி கூர் பிடிக்கக் கரிமம் வேண்டும். கத்தி எஃகில் காந்தம் ஒட்டும், 18/10 பாத்திரத்தில் அப்படிப் பிடித்து ஒட்டாது. வீட்டில் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

விலை குறைந்த நல்ல கத்திகளில் அடிக்கடி கண்ணில் பட்ட பெயர் எக்ஸ்50சிஆர்எம்ஓவி15. பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. பிரித்துப் படித்தால் கரிமம் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம், அவ்வளவுதான். கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 55, 56 அளவில் இருக்கும். 60-க்கு மேல் போகும் ஜப்பானியக் கத்திகள் கூரை அதிக நாள் வைத்திருக்கும், ஆனால் எலும்பிலோ கெட்டியான கொட்டையிலோ பட்டால் வாய் சில்லு பெயரும். 56-ல் இருப்பது பெயராது, மடங்கும். மடங்கியதை நிமிர்த்திவிடலாம். இப்போதுதான் கற்றுக்கொள்ளப் போகிற எனக்கு இதுவே ஏற்றது.

எஃகின் பெயரைச் சொல்லாமல் பெட்டியில் ‘உயர்தரம்’ என்று மட்டும் போட்டிருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ஜூன் 15, சனி

கத்திகள் வந்துவிட்டன. மூன்று மட்டுமே உள்ள செட். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த கத்திகள், அடித்துச் செய்தவை இல்லை. இதைத் தெரிந்தேதான் வாங்கினேன். வெட்டி எடுத்தவை எடை குறைவு, விலையும் குறைவு. எஃகும் அதைப் பதப்படுத்திய விதமும் நன்றாக இருந்தால் வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடித்த கழுத்து இல்லாததும் எனக்கு நல்லதாகத் தெரிகிறது. அது இருந்தால் தீட்டும்போது வாயின் அடிப்பகுதி கல்லில் படாது.

வெளிச்சத்தில் பிடித்து முதுகிலிருந்து வாய் வரை நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பிடிக்கும் அலகுக்கும் இடையே நகம் நுழையும் சந்து இல்லை. சந்து இருந்தால் தண்ணீரும் அழுக்கும் உள்ளே தங்கும்.

பிடிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் பிடியை மட்டும் கையில் சுற்றிப் பிடிப்பேன், ஆள்காட்டி விரல் முதுகின் மேல் நீண்டிருக்கும். இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடியை இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்கின்றன, மீதி மூன்று விரல் பிடியில். கத்தி ஆடவே இல்லை. இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, விரல் மூட்டின் மேல் கத்தியின் பக்கம் உரசிப் போகும்படி வைத்தால் நகம் வெட்டுப்படாது. முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போயிற்று.

ஜூன் 19, புதன்

வெங்காயம் நறுக்கும்போது கண் அவ்வளவாக எரியவில்லை. கூர் இல்லாத கத்தி செல்களை நசுக்கும், கண்ணை எரிக்கும் வாயு அப்போதுதான் நிறைய வரும். கூரானது குறைவாகவே சிதைக்கிறது.

கண்ணாடி வெட்டுப்பலகையை இன்றோடு எடுத்துவிட்டேன். கழுவ எளிது என்று வாங்கியது. கண்ணாடி எந்தக் கத்தியின் வாயையும் கெடுத்துவிடும். பீங்கான் தட்டும் கருங்கல் மேடையும் அப்படியே. மரமோ பிளாஸ்டிக்கோதான் கத்தி இறங்க இடம் கொடுக்கும். பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தேன்.

அப்புறம் ஒன்று. நறுக்கியதைப் பலகையிலிருந்து தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ள வேண்டும். வாயால் பக்கவாட்டில் தள்ளும் பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது, விட நேரமாகும்.

ஜூலை 7, ஞாயிறு

பெரிய கத்தியில் மூன்று துருப்புள்ளி.

நேற்று இரவு எலுமிச்சை வெட்டி, உப்பு பட்ட கத்தியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். உப்பிலுள்ள குளோரைடு எஃகின் மேலுள்ள குரோமியப் படலத்தைத் துளைக்கும் என்று படித்திருந்தும் இப்படி நடந்துவிட்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்ததும் புள்ளிகள் போயின. ஆழமாகப் போயிருந்தால் குழி நின்றிருக்கும்.

இனி வெட்டி முடித்தவுடன் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சோப்பு நுரைக்குள் கத்தியை மூழ்க வைப்பதும் கூடாது, உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது கை விடுவார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடுவதில்லை. சூடு, காரமான சோப்பு, மற்ற பாத்திரங்களோடு மோதல் மூன்றும் சேர்ந்து வாயையும் பிடியையும் கெடுக்கும்.

ஜூலை 20, சனி

சுவரில் காந்தப் பட்டை மாட்டியாயிற்று. கத்தியை வைக்கும்போது முதலில் முதுகைத் தொடவைத்து அப்படியே சாய்க்க வேண்டும், எடுக்கும்போது அதற்கு எதிராக. வாயை நேரே ஒட்டினால் காந்தம் இழுக்கும் வேகத்தில் அடிபடும். சின்னக் கத்தி மட்டும் இழுப்பறையில் இருக்கிறது, அட்டையை மடித்து ஒட்டிச் செய்த உறையில்.

ஐந்து வாரம் ஆயிற்று. பெரிய கத்தி தக்காளித் தோலில் ஒரு கணம் தயங்குகிறது. தீட்டுக் கம்பியை மேசைமேல் செங்குத்தாக ஊன்றி, 20 டிகிரி சாய்வில், பக்கத்துக்கு ஐந்து முறை மாற்றி மாற்றி இழுத்தேன். வேகம் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். தயக்கம் போய்விட்டது. கம்பி மடங்கிய வாயை நிமிர்த்துகிறது, புதிய கூரை உண்டாக்குவதில்லை. தேய்ந்து போனதற்குக் கல்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கம்பி போட்டும் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சாணைக்கல்லை எடுத்தேன். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 என்று எண் போட்டது. எண் ஏற ஏற நைசு. தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை, ஒரு பதினைந்து நிமிடம், ஊறவிட்டேன்.

முக்கால் மணி நேரம் தேய்த்தேன். தாளை வெட்டவில்லை, இருந்த கூரும் போயிற்று. அழுகை வராத குறை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போன வாரம் எங்கே தவறினேன் என்று இன்று புரிந்தது.

கத்தியின் வாயோரம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டுக் கல்லில் நான்கு முறை தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு மேலே அழிந்திருந்தது, வாயின் நுனியில் அப்படியே இருந்தது. கல் நுனியைத் தொடவே இல்லை, அதற்கு மேலே உள்ள தோளைத்தான் தேய்த்திருக்கிறேன். சாய்வு போதவில்லை. கத்தியின் அகலம் 4.5 செ.மீ., அதன் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. உயர்ந்தால் 20 டிகிரி. அந்த உயரத்துக்கு அட்டையை அடுக்கி அளந்து, கைக்கு அந்த நிலை பழகும்வரை வெறுமனே பிடித்திருந்தேன்.

அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தேன், அடிப்பகுதி, நடு, முனை என்று பகுதி பகுதியாக. சற்று நேரத்தில் மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டது. வாயின் நீளம் முழுக்க அது வர வேண்டும். வந்தால்தான் இரு பக்கச் சரிவும் நுனியில் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். போன வாரம் பிசிறு வருமுன்பே பக்கத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். முனை அருகே வளைவு இருப்பதால் பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது, பிசிறு கடைசியாக வந்ததும் அங்கேதான்.

பிறகு மறுபக்கம், அதே மாதிரி. பிறகு 3000 பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றிச் சில முறை, பிசிறு கையில் படாமல் போகும்வரை. கல்லில் வந்த கறுப்புச் சேற்றைக் கழுவவில்லை, தேய்க்க அதுவும் உதவுகிறது.

தாளைத் தொங்கப் பிடித்தேன். கத்தி சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. தக்காளியைப் பலகையில் வைத்து, கையால் பிடிக்காமலே கத்தியை இழுத்தேன். தோல் விட்டுக்கொடுத்தது. அடுத்தடுத்து மூன்று தக்காளி நறுக்கினேன், சமையலுக்குத் தேவைப்படாமலே.

ரம்பக் கத்தியைத் தொடவில்லை. தட்டையான கல்லில் அதைத் தீட்ட முடியாது, வேலை குறைவு என்பதால் அது நெடுநாள் தாங்கும்.

செப்டம்பர் 14, சனி

தம்பி தனியாக வீடு எடுத்திருக்கிறான். "அக்கா, கத்தி செட் எது வாங்கலாம், சொல்லு" என்று கேட்டான்.

வீசாமல் வைத்திருந்த பழைய கத்திகளை எடுத்துப் பார்த்தேன். ஜூனில் என் விரலை வெட்டிய கத்தியில் காந்தம் நன்றாக ஒட்டிற்று. பெயர் தெரியாத எஃகு. வாயில் இரண்டு பள்ளம் இருந்ததால் 400 எண் கல் ஒன்று வாங்கி, பள்ளம் மறையும்வரை தேய்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு 1000, பிறகு 3000. பிசிறு லேசில் விடவில்லை, மெத்தான எஃகு போலிருக்கிறது. கடைசியில் தக்காளியை வெட்டிற்று. எவ்வளவு நாள் தாங்கும் என்று அவன் வீட்டில்தான் தெரியும்.

அட்டையில் உறை செய்து போட்டு, கூடவே அந்த 400 கல்லையும் ஒரு மார்க்கர் பேனாவையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். நாளை வருகிறான். சின்னக் கத்தி ஒன்று மட்டும் அவன் வாங்கிக்கொண்டால் போதும்.