பனி ஊரில் ஒரு முற்றம்

ஆகஸ்ட் 9, வெள்ளி

கொல்லைப்பக்கத்துப் பழைய சிமென்ட் தரையை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று இன்று முடிவாகிவிட்டது. மினியாபொலிஸ் புறநகரில் இந்த வீட்டை வாங்கியபோதே அந்தத் தரை சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஏப்ரலில் பனி உருகும்போதெல்லாம் சுவரோரம் தண்ணீர் தேங்கி பேஸ்மென்டுக்குள் கசியும். மேல்பரப்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து உள்ளே இருக்கும் ஜல்லி தெரிகிறது.

அப்பா ஜூனில் வந்தார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். வந்த மறுநாள் காலையில் ஒரு செம்புத் தண்ணீரை அந்தத் தரையில் ஊற்றினார். அது நேராகச் சுவருக்கு ஓடியது. "வாட்டமே தப்புடா தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் கண் அதன் மேல்தான்.

மேயில் வெட்டிய ஆஷ் மரத்தின் கட்டைகளும் வேலியோரம் கிடக்கின்றன. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு பட்டைக்கடியில் குடைந்து மரத்தைக் கொன்றுவிட்டது. மின்னசோட்டாவில் அதை முதலில் கண்டது 2009இல், செயின்ட் பால் நகரில். விறகோடு வண்டும் பயணம் போகும் என்பதால் கட்டைகளை வேறு ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது. இங்கேயே எரித்துவிடலாம் என்றுதான் தீக்குழி யோசனை வந்தது.

முற்றத்தின் நடுவிலேயே தீக்குழி வைக்க ஆசைப்பட்டேன். நடக்காது. வீடு, கொட்டகை, மரவேலி என்று எரியக்கூடிய எதிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். நெருப்பின் அகலம் 3 அடிக்கு மேல் போகக் கூடாது. அளந்து பார்த்ததில் தோட்டத்தின் நடுவில் ஒரு துண்டு இடம்தான் தேறியது. ஆக, வீட்டை ஒட்டி முற்றம், தோட்டத்து நடுவில் தீக்குழி, இரண்டுக்கும் இடையே ஒரு ஜல்லிப் பாதை.

ஆகஸ்ட் 17, சனி

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும், மண்ணுக்கடியில் கம்பியும் குழாயும் எங்கே போகின்றன என்று குறித்துக் கொடுப்பார்கள், இலவசம்தான். ஆட்கள் வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைபேசிக் கம்பிகளுக்கு ஆரஞ்சு. கொடிக்கு இரண்டு பக்கமும் இரண்டடிக்குள் இயந்திரம் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். ஆரஞ்சுக் கோடு முற்றத்தின் மூலையை வெட்டிக்கொண்டு போனது. அங்கே அப்பாவே மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அரையடி ஆழத்தில் கம்பி இருந்தது. ஒரு கீறல்கூட விழவில்லை.

உடைத்த தரையின் கனம் மூன்று அங்குலம்கூட இல்லை. அடியில் ஜல்லி கிடையாது, வெறும் களிமண். அப்பா ஒரு பிடி எடுத்து உருட்டினார். திரி மாதிரி நீண்டது. "இது தண்ணிய விடாதேடா" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கடைக்கால் பற்றி இரவு வெகுநேரம் பேசினோம். இங்கே மண் மூன்றரை அடி வரை உறையும் என்று வைத்துத்தான் வீட்டுக் கடைக்காலே போடுகிறார்கள். மாநிலத்தின் வடபாதியில் அது 5 அடி. "அப்ப முற்றத்துக்கும் மூன்றரை அடி தோண்டணுமா?" என்று கேட்டார். வேண்டாம். தரை மிதக்கலாம், ஆனால் ஒரே சீராக மிதக்க வேண்டும்.

நான் புரிந்துகொண்டது இது. மண் உறைவதால் மட்டும் தரை தூக்காது. குளிர், தண்ணீர், தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கிற நைசு மண் ஆகிய மூன்றும் சேர வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் கீழிருந்து ஏறி வந்து, உறைகிற இடத்தில் பனிக்கட்டி அடுக்கடுக்காகக் கட்டும். அந்த அடுக்குதான் வாசற்படியையும் வேலிக்கம்பத்தையும் தூக்குகிறது. குளிரையும் களிமண்ணையும் மாற்ற முடியாது. தண்ணீரை வெளியேற்றலாம்.

அதனால் பத்து அங்குலம் தோண்டி, களிமண்ணின் மேல் வடிகட்டித் துணி விரித்து, ஆறு அங்குலத்துக்குத் தூசியில்லாத உடைகல் ஜல்லி. ஆறு டன் வந்து இறங்கியது. அப்பா ஒரு கல்லைப் பொறுக்கி விரலிடுக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முக்கால் ஜல்லி" என்றார். ரசீதிலும் முக்கால் அங்குலம் என்றே இருந்தது. அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் இரண்டு அடுக்காகத் திமிசு போட்டோம்.

ஆகஸ்ட் 31, சனி

பலகை அடித்தாயிற்று. 16க்கு 14 அடி. சுவரிலிருந்து வெளியே ஓரடிக்குக் கால் அங்குல வாட்டம், அதாவது 14 அடிக்கு மூன்றரை அங்குல இறக்கம். அப்பா லேசர் கருவியை நம்பவில்லை. தோட்டத்துக் குழாயை வெட்டி, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் செய்தார். இரண்டும் ஒன்றாகவே காட்டின.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். சுவரில் துளை போட்டுக் கம்பி விட்டு, தரையை வீட்டோடு பிணைக்க வேண்டும் என்றார் அவர். ஊரில் அப்படித்தான் செய்வார். இங்கே வீடு அசையாது, தரை அசையும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று பிளக்கும். நடுவே அரை அங்குலத்துக்கு மெத்தென்ற பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும். அவர் ஒத்துக்கொள்ள ஒரு நாள் ஆயிற்று. அப்புறம் பட்டையை அவரே ஒட்டினார். பத்து எம்எம் கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டி, கம்பி ஜல்லியைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் துண்டுகள் மேல் நிறுத்தியிருக்கிறோம்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று கான்கிரீட் போட்டோம். கை நடுங்க எழுதுகிறேன், களைப்பில்.

காலை ஏழரைக்கு ரெடிமிக்ஸ் வண்டி வந்தது. 3 கன கஜம். கேட்டிருந்தது 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு தாங்கும் என்ற பலக் கணக்கு), தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாமல், காற்று 6 சதவீதம். சீட்டைப் படித்து அப்பாவுக்குச் சொன்னேன். "காத்தா? காத்த வெளிய எடுக்கத்தானடா வாழ்நாள் பூரா குத்திக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் குத்தி எடுத்தது பெரிய ஓட்டைகளை. இது வேறு. கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள், எந்த இடத்திலிருந்தும் 0.2 மில்லிமீட்டருக்குள் ஒன்று இருக்கும்படி சிமென்ட் கலவை முழுக்கப் பரவியிருக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கிய ஈரம் விரிய இடமில்லாவிட்டால் கல்லையே பிளந்துவிடும். பக்கத்திலேயே காலிக் குமிழ் இருந்தால் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். இங்கே ஒரு குளிர்காலத்தில் உறைந்தும் உருகியும் எத்தனையோ முறை மாறும். குமிழ் இல்லாத கான்கிரீட், எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், நாளாக நாளாக உதிரும்.

இது 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் தெரியவந்தது. சில சாலைகள் மட்டும் பனிக்குத் தாக்குப்பிடித்தன. அந்தச் சிமென்டை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு சேர்த்திருந்தார்கள், அதுதான் குமிழைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாவுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்த கதையைத் தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர். "எதையாவது சேத்தாத்தான் நிக்கும்" என்றார்.

வண்டிக்காரர், தண்ணீர் கொஞ்சம் விடட்டுமா, தள்ளுவதற்கு எளிதாக இருக்கும் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார். பாஷை தேவைப்படவில்லை. தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

மட்டப்பலகை இழுத்து முடித்த பிறகு மேலே தண்ணீர் கசிந்து பளபளத்தது. அது தானாக வற்றும் வரை தொடக் கூடாது. அப்பா கரணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஊரில் அவர் போட்ட சிமென்ட் தரையில் முகம் தெரியும். சிமென்ட் பால் தெளித்து, இரும்புக் கரணையால் இழைத்து இழைத்து, கண்ணாடி மாதிரி ஆக்குவார். அந்தப் பேருக்காகவே அவரைத் தேடி வருவார்கள்.

இங்கே அது கூடாது. இழைத்தால் மேல்பரப்பில் இருக்கும் குமிழ்கள் செத்துவிடும். கசிகிற தண்ணீரும் தோலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பழைய தரை அப்பளமாகப் பெயர்ந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். மரக்கரணையால் ஒரு தடவு, அப்புறம் அகலத் துடைப்பத்தால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. பனியில் கால் வழுக்காமல் இருக்கவும் அந்தக் கோடுகள் வேண்டும்.

நான் துடைப்பத்தை எடுத்தேன். அப்பா வாங்கிக்கொண்டார். "நான் இழுக்கிறேன். கோணலாப் போகக் கூடாது" என்றார். சுவரிலிருந்து வெளிப்புறமாக, வாட்டத்தின் திசையிலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கோடுகள் பாய் நெய்தது போல விழுந்தன. எழுபத்தொரு வயதில் அவர் இதுவரை செய்யாத ஒரு வேலை. முடித்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

செப்டம்பர் 7, சனி

விடியற்காலையிலேயே வெட்டு போட்டாயிற்று. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஓர் அங்குல ஆழம். நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 8க்கு 7 அடி. காயும்போது கான்கிரீட் சுருங்கும், விரிசல் வந்தே தீரும். எங்கே வரட்டும் என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

பிறகு நீராற்றுவது. அப்பா களிமண்ணால் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம் என்றார். மூன்றரை அங்குல இறக்கத்தில் நிற்காது. பழைய போர்வைகளை நனைத்து விரித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். ஏழு நாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஏழு நாளும் அதிகாலை ஐந்துக்கு எழுந்து போர்வை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர் அவர்தான். இன்று எடுத்தோம். ஒரு விரிசல், நாங்கள் வெட்டிய கோட்டுக்குள்ளேயே.

செப்டம்பர் 22, ஞாயிறு

தீக்குழி. ஓரடி பள்ளம், அரையடிக்கு ஜல்லி, அடியில் சிமென்ட் எதுவும் இல்லை. மழையும் உருகும் பனியும் இறங்கிப்போக வேண்டும். இல்லாவிட்டால் குழி தொட்டியாகிவிடும், உறைந்தால் சுற்றுக் கல்லைத் தள்ளும்.

உள்சுற்று சூடு தாங்கும் ஃபயர் பிரிக் செங்கல், வெளிச்சுற்று சிமென்ட் பிளாக், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. சாதாரணக் கான்கிரீட்டில் நேரடியாக நெருப்புப் பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். ஆவி, தண்ணீரைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வழி கிடைக்காவிட்டால் மேல்பரப்பு வெடித்துத் தெறிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு உருண்டைக் கற்கள் தர வந்தார். ஆற்றுக் கல்லும் ஏரிக் கல்லும் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், நெருப்பில் வெடிக்கலாம். அவற்றைப் பாதையோரத்துக்கு வாங்கிக்கொண்டோம்.

அக்டோபர் 12, சனி

முதல் நெருப்பு. காற்று இல்லை, தீத்தடை அறிவிப்பும் இல்லை என்று பார்த்துவிட்டு மூட்டினோம். ஆஷ் கட்டை நன்றாக உலர்ந்து புகையில்லாமல் எரிந்தது. மகள் சோளக்கதிர் சுட்டாள். அப்பா மார்கழிக் காலையில் சருகு கூட்டிக் குளிர்காய்ந்த கதையைச் சொன்னார். குழாயைப் பக்கத்திலேயே வைத்திருந்து, தண்ணீர் விட்டுக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தோம்.

கான்கிரீட்டுக்கு 28 நாள் தாண்டிவிட்டது. உள்ளே ஊறி நீரை விலக்கும் சிலேன் பூச்சை நேற்று அடித்தோம்.

நவம்பர் 19, செவ்வாய்

அப்பா இன்று கிளம்பினார். விமான நிலையத்தில் இரண்டு முறை நினைவூட்டினார், "உப்பு போடாதே." முதல் குளிர்காலத்தில் பனி கரைக்கும் உப்பு புதுத் தரைக்கு ஆகாது. மணல் ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன். போவதற்கு முன் சுவரில், தரை மட்டத்துக்கு நேராகப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறார், இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று.

ஜனவரி 21, செவ்வாய்

வெளியே மைனஸ் 28 செல்சியஸ். 2019 ஜனவரி 30 அன்று இந்த ஊரில் மைனஸ் 33 வரை போயிற்று, அதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை. பனியை மரச்சட்டுவத்தால் தள்ளிவிட்டுக் கோடுகளைப் பார்த்தேன். தரை கோட்டுக்கு மேலே கால் அங்குலம் ஏறியிருக்கிறது. இரண்டு மூலையிலும் அதே கால் அங்குலம். படமெடுத்து அனுப்பினேன். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான ஏறியிருக்கு? விடு" என்று பதில் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பனி முழுக்கப் போய்விட்டது. பேஸ்மென்ட் காய்ந்து கிடக்கிறது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக. தரை பென்சில் கோட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. துடைப்பக் கோடு ஒன்றுகூட உதிரவில்லை. தீக்குழியின் வெளிச்சுற்றில் ஒரு பிளாக் மட்டும் சற்றே சாய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வீடியோவில் அப்பாவை அழைத்தேன். அங்கே இரவு ஒன்பது. எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டினேன். அவருக்குப் போதவில்லை. "ஒரு செம்புத் தண்ணி கொண்டு வா" என்றார். சுவரோரம் ஊற்றினேன். துடைப்பக் கோடுகள் வழியாக மெல்லப் பிரிந்து, வெட்டைத் தாண்டி, புல்லுக்குள் இறங்கியது. "இன்னொரு செம்பு, அந்த மூலையில" என்றார்.