செட்டில்மென்ட் ஹோல்டு: நிறுத்திவைத்த பணம் திரும்பி வந்த விதம்

சென்னிமலைத் தறிகளில் நெய்த பெட்ஷீட்டை ஆன்லைனில் விற்கிறேன். வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணம், அதை வாங்கி எங்களுக்குச் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனத்துக்குப் போய், அடுத்த வேலை நாளில் என் நடப்புக் கணக்கில் விழும். போன வருடம் இந்த ஓட்டம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நின்றது. கேட்வே டேஷ்போர்டில் ‘செட்டில்மென்ட் ஹோல்டு’ என்று வந்தது, அதாவது எனக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். வங்கியில் கணக்கையே முடக்கிவிட்டார்கள், ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வட மாநிலம் ஒன்றின் சைபர் போலீஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது.

இதே நிலையில் இப்போது பல சிறு வியாபாரிகள் தவிக்கிறார்கள். பணம் எப்படி மாட்டுகிறது என்பது புரிந்தால்தான் எப்படி வெளியே எடுப்பது என்பதும் புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மோசடியில் பணம் இழந்தவர் 1930 எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்கிறார். உடனே ஒரு புகார் எண் உருவாகிறது. அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொரு வங்கியும் அடுத்த அடுக்கைக் காட்ட, வழியில் உள்ள கணக்குகளில் எல்லாம் பணம் நிறுத்தப்படுகிறது. திருடன் பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பதால் முதலில் நிறுத்துகிறார்கள், விசாரணை பிறகு. இந்த ஏற்பாடு தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆயுள் சேமிப்பை இழந்தவருக்கு முதல் சில மணி நேரம்தான் எல்லாம்.

சரி, என் கணக்கு எப்படி இந்தச் சங்கிலியில் வந்தது? மோசடிப் பணத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் என் கடையில் 40 பெட்ஷீட் ஆர்டர் போட்டிருக்கிறார், 18,600 ரூபாய்க்கு. கேட்வே வழியாகப் பணம் வந்தது, சரக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்வே நிறுவனம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்புவதில்லை. அன்றைய எல்லா ஆர்டர்களையும் சேர்த்து, கமிஷனையும் அதற்கான ஜி.எஸ்.டி.யையும் கழித்து, ஒரே தொகையாக அனுப்பும். அந்த மொத்தத் தொகைக்கு ஒரே ஒரு யு.டி.ஆர். எண்தான், அதாவது வங்கிப் பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் எண். போலீஸ் கையில் இருந்தது அந்த எண். பெட்ஷீட் வாங்கிய மற்றவர்களின் நல்ல பணமும் அவர்கள் பார்வையில் குற்றப் பணமாகிவிட்டது. அதன் மேல் வங்கி ஒரு படி தாண்டி, முழுக் கணக்கையும் பூட்டிவிட்டது.

வங்கிக் கிளையில் “மேலிடத்திலிருந்து வந்திருக்கு மேடம், எங்க கையில எதுவும் இல்லை” என்றார்கள். வாய் வார்த்தையோடு திரும்பி வந்துவிடக் கூடாது என்று என் ஆடிட்டர் அண்ணா முன்பே சொல்லியிருந்தார். எழுத்தில் கேட்டேன்: புகார் எண், கடிதம் அனுப்பிய காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சந்தேகத்துக்குரிய யு.டி.ஆர். எண், நிறுத்திவைக்கச் சொன்ன தொகை, எந்தச் சட்டப் பிரிவு. மேலாளரின் முத்திரையோடு மனுவின் நகலையும் வாங்கிக்கொண்டேன். கேட்வே நிறுவனத்துக்கும் இதே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, அந்த நாளின் செட்டில்மென்ட் அறிக்கையையும் கேட்டேன். எந்த ஆர்டர், எவ்வளவு, எவ்வளவு கமிஷன் என்று வரி வரியாக அதில் இருக்கும். என் விஷயத்தில் மிகவும் உதவிய தாள் அதுதான்.

பிரிவைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவுதான் போலீஸுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 102. வங்கிக் கணக்கும் இதில் சொல்லும் ‘சொத்து’தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. அப்புறம், கடிதத்தில் சொன்ன தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. இந்த இரண்டையும் என் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

விசாரணை அதிகாரியிடம் போனில் பேசத்தான் திணறினேன். எனக்கு இந்தி வராது. திருப்பூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பீகார் தம்பி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். “அக்கா, அவர் கோபமா இல்லை, ஆர்டர் பேப்பர் எல்லாம் அனுப்பச் சொல்றார்” என்றார். பணம் இழந்தவர் பகுதி நேர வேலை என்று நம்பி ஏமாந்தவராம். முதலில் கொஞ்சம் பணம் கொடுத்து நம்ப வைத்து, பிறகு ‘டாஸ்க்’ முடிக்க டெபாசிட் கட்டு என்று கறக்கும் வகை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. என் பணத்தைக் கேட்பது அவருக்கு எதிராகப் போய்விடக் கூடாது என்றும் தோன்றியது.

ஆர்டர் விவரம், ஜி.எஸ்.டி. பில், வாட்ஸ்அப் உரையாடல், செட்டில்மென்ட் அறிக்கை, கூரியர் டெலிவரி ரசீது, பான், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, மேலே ஒரு பக்கத்தில் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். கூரியர் ரசீதில் சரக்கைப் பெற்றவரின் முகவரியும் போன் எண்ணும் இருந்தன. அதிகாரிக்கு அது பயன்பட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பதில் வேகமாக வந்தது. பதில் வராத நாட்களில் அந்த மாநிலத்தின் குறைதீர் அதிகாரிக்கும் நகல் அனுப்பினேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அப்படி ஒருவர் உண்டு. அவர்களுடைய பட்டியல் புகார் தளத்திலேயே இருக்கிறது.

இதற்கிடையில் சனிக்கிழமை வந்தால் தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். ‘தற்காலிக நிறுத்தம்’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்தச் சனிக்கிழமை தெரியாது. ஒரு வரி நோட்டீஸாவது முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்று இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது. கேட்வே மட்டத்தில் பணத்தை நிறுத்துவது புதிதும் இல்லை. 2022 செப்டம்பரில் ‘டோக்கன்’ என்ற பெயரில் நடந்த செயலி வழி முதலீட்டு மோசடி வழக்கு ஒன்றில் அமலாக்கத்துறை பல கேட்வே நிறுவனங்களில் 46.67 கோடி ரூபாயை முடக்கியது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஆகியும், நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கடைசியில் அதிகாரியின் கடிதம் வந்தது: 18,600 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவிக்கலாம் என்று. கடிதம் வந்ததும் கணக்கு தானாகத் திறந்துவிடாது. கிளையிலிருந்து, போலீஸ் கடிதங்களைக் கவனிக்கும் வங்கியின் நோடல் அதிகாரிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று நானே பின்தொடர்ந்தேன். கேட்வே நிறுவனத்துக்கோ அந்தக் கடிதம் போகவே இல்லை. வங்கி திறந்தாலும் அவர்களிடம் ஹோல்டு அப்படியே இருந்தது. நகலை நான் அனுப்பி, அதிகாரியும் தன் மின்னஞ்சலிலிருந்து உறுதி செய்த பிறகுதான் தேங்கிய செட்டில்மென்ட் எல்லாம் வந்தது. கூலிக்காக அடகு வைத்த நகையையும் மீட்டுவிட்டேன்.

அந்த 18,600 ரூபாய் இன்னும் லீனில், அதாவது கணக்கிலேயே எடுக்க முடியாதபடி இருக்கிறது. சம்மதக் கடிதம் கொடுத்தால் புகார்தாரருக்கே போய்விடும் என்றார்கள். சரக்குக்கு நூலும் கூலியும் போட்டது நான். யாருக்குச் சேர வேண்டும் என்பதை நீதிமன்றமே சொல்லட்டும் என்று அந்த ஊர் வக்கீல் மூலம் அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனு போட்டிருக்கிறேன். மின்னணு ஆவணம் என்பதால் செட்டில்மென்ட் அறிக்கைக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார் வக்கீல். கேட்வே நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, போன வாரம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.