நமக்கு ஜலதோஷம், நாய்க்கும் ஒட்டுமா?

நவம்பர் 3
மழை பிடித்ததும் சென்னை கிளினிக்குகளில் காதில் விழும் கேள்வி: "எனக்கு ஜலதோஷம் டாக்டர், இப்ப இவனும் இருமுறான். என்கிட்டருந்து ஒட்டிக்கிச்சா?" அநேகமாக இல்லை. நமக்கு மூக்கொழுக வைக்கும் ரைனோ வைரஸ் நாயைச் சீண்டுவதில்லை. அதற்கு வருவது கென்னல் காஃப் என்ற இருமல் நோய். நாயிடமிருந்து நாய்க்குத் தொற்றுவது. போர்டிங்கில் (நாய்க் காப்பகத்தில்) விட்டுவந்து பத்து நாளுக்குள், தொண்டையில் முள் மாட்டியதுபோல் வறட்டு இருமல் வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நவம்பர் 6
தொட்டுப் பார்த்து "ஜுரம் கொதிக்குது" என்பதை நம்ப முடியாது. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. செலுத்தி, சற்றுச் சாய்த்துக் குடல் சுவரில் படும்படி பிடிக்க வேண்டும். மலத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும். 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போகலாம். வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்கக் கூடாது. 650 மி.கி. பாரசிட்டமால் 5 கிலோ பொமரேனியனுக்குக் கிலோவுக்கு 130 மி.கி. ஆகிறது. கல்லீரலைக் கெடுக்க அது போதும். ஐபுபுரூஃபன் இன்னும் மோசம்: வயிற்றில் புண், பிறகு சிறுநீரகம்.

நவம்பர் 9
ஒட்டக்கூடியவையும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் கொரோனா நோயாளி வளர்த்த பொமரேனியனுக்குச் சோதனையில் லேசான பாசிட்டிவ் வந்தது. நோய்க்குறி எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் அதைவிடக் கவலைப்பட வேண்டியது காசநோய். சளியில் கிருமி உள்ளவரோடு மூடிய அறையில் நெடுநாள் படுத்துறங்கும் நாய்க்கு அது வரலாம், அபூர்வமாகத்தான். மெலிவும் விடாத இருமலும் இருந்தால், வீட்டில் டி.பி. சிகிச்சை நடப்பதைக் கால்நடை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் திசையில் அவர் யோசிக்கவே மாட்டார். படர்தாமரை பெரும்பாலும் எதிர்த்திசை: நாயிடமிருந்து நமக்கு.

நவம்பர் 13
இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சலா? யார் யாருக்குக் கொடுத்தது என்று ஆராய்வதைவிட, இருவரும் எந்தத் தண்ணீரில் நடந்தார்கள் என்று பாருங்கள். வேளச்சேரி மாதிரி தேங்கும் இடங்களில் எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் மனிதனுக்கும் நாய்க்கும் வரும். நாய்க்கு வாந்தி, மஞ்சள் கண், சிறுநீர் குறைவு. அதன் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும் என்பதால் கையுறை போட்டு, 1 பங்கு ப்ளீச் திரவத்துக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைக்க வேண்டும். நாய்க்கு ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பிளேட்லெட் இறங்குவதைப் பார்த்து டெங்கு என்று பப்பாளி இலைச்சாறு புகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தேவை உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை.